வேண்டாத சம்பள உயர்வு

“அண்ணை, என்ர சம்பளத்தைக் குறையுங்கோ.”

இராசலிங்கத்தின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் பதினெட்டு வருடமாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். சம்பளத்தைக் கூட்டக் கேட்டவர்கள் உண்டு, முன்பணம் கேட்டவர்கள் உண்டு, சொல்லாமலே நின்றுவிட்டவர்களும் உண்டு. இப்படி ஒரு கோரிக்கை இதுதான் முதல் தடவை.

“என்ன பிள்ளை கதைக்கிறாய்? போன கிழமைதானே இருநூற்றைம்பது யூரோ கூட்டினனான்!”

“அதைத்தான் சொல்லுறன். பழைய சம்பளமே காணும்.” பிரபாலினி ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டே சொன்னாள்.

போன வருடம் இராசலிங்கம் இதய அறுவைச் சிகிச்சை செய்து மூன்று மாதம் படுத்திருந்தார். அப்போது பாதி நேரம் வேலை செய்துகொண்டிருந்த பிரபாலினி முழுநேரத்துக்கு மாறி, ஒருநாள்கூடக் கடையைப் பூட்ட விடாமல் காப்பாற்றினாள். அந்த நன்றிக்குத்தான் இந்த உயர்வு. கடை ஓடுகிற ஓட்டத்துக்கு அது அதிகம்தான். ஆனால் அவர் அதை வெளியில் சொல்கிற ஆளில்லை. தவிர, பக்கத்து ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி. பிரபாலினி போய்விட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

“ஏன் வேண்டாம்? காசு கைக்குதோ?”

“கூட்டினால் எனக்கு நட்டம் அண்ணை.”

“கூட்டினால் நட்டமோ!”

“ஓம். நீங்கள் கூட்டின இருநூற்றைம்பதில வரி, காப்புறுதி எல்லாம் போக நூற்றைம்பதுதான் கைக்கு வரும். ஆனால் சம்பளம் கூடிட்டுதெண்டு வோன்கெல்டை நிப்பாட்டிப் போடுவினம். அது இருநூறு வருது.”

வோன்கெல்ட் என்பது குறைந்த சம்பளக்காரருக்கு வீட்டு வாடகைக்காக அரசாங்கம் கொடுக்கும் உதவிப்பணம். அந்தப் பேரைக் கேட்டதும் இராசலிங்கத்துக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது.

“உதுதான் இந்த நாட்டின்ர பிழை! உழைச்சால் வெட்டு, உழைக்காட்டில் காசு. கொஞ்சம் மேல வருவம் எண்டால் காலைப் பிடிச்சு இழுக்கிறாங்கள். நான் கட்டுற வரியில நீ சம்பளத்தைக் குறைச்சுக் கொண்டு இருக்கப் போறியோ?”

“கோவியாதேங்கோ அண்ணை.”

“கோவமில்லை பிள்ளை, மனவருத்தம். நன்றியெண்டு ஒண்டைத் தந்தால், அதைத் திருப்பி என்ர கையிலயே வைக்கிறாய்.”

பிரபாலினி தலையை நிமிர்த்தவில்லை. மாவை இரண்டு குத்துக் கூடுதலாகக் குத்தினாள்.

“சரி, மறைக்காமல் சொல்லு. ஆஸ்பத்திரிக் குசினிக்குப் போற யோசனையோ?”

“ஐயோ இல்லை அண்ணை! டொச் பாசையில ஒரு சொல்லும் தெரியாமல், ரெண்டு பிள்ளையளோட தனிய நிண்ட என்னை ஆர் வேலைக்கு எடுத்தது? நீங்கள் போகச் சொன்னாலும் நான் போகமாட்டன். சம்பளத்தை மட்டும் பழையபடி ஆக்கிவிடுங்கோ.”

அதற்குமேல் அவரால் மல்லுக்கட்ட முடியவில்லை. கணக்காளருக்குத் தொலைபேசியில் அழைத்து, உயர்வை நிறுத்தச் சொன்னார். “பழைய சம்பளமா?” என்று கணக்காளர் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

பின்னேரம், பிரபாலினி பிள்ளைகளைக் கூட்டிவரப் போன பிறகு, மனைவி கமலநாயகி கடைக்கு வந்தார். மூலை மேசையில் உட்கார்ந்து யாருக்கோ ஒரு படிவம் நிரப்பத் தொடங்கினார். அந்த வட்டாரத்தில் பாதித் தமிழருக்கு ஜெர்மன் கடிதம் எழுதிக் கொடுப்பவர் அவர்தான். யாருடைய கடிதத்தில் என்ன இருந்தது என்று கணவரிடம்கூட மூச்சுவிட மாட்டார்.

“இஞ்சேர், பிரபாலினி கூட்டின காசு வேண்டாமெண்டிட்டாள்.”

கமலநாயகி பெருமூச்சு விட்டார். “நல்லதாப் போச்சு. ரெண்டு மாசக் கடை வாடகை கட்ட ஏலாமல் நிக்கிறம். என்ர சங்கிலியை வித்தெண்டாலும் அவளுக்குக் கூட்டிக் குடுப்பன் எண்டு நிண்டது நீங்கள்தானே.”

“மெதுவாக் கதையும். கடை நிலைமை அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சால் பயந்துபோய் வேற இடம் பார்த்திடுவாள்.”

“அப்ப ஏன் வேண்டாமாம்?”

“ஏனோ! அரசாங்கத்தின்ர வாடகைக் காசு நிண்டுபோமாம். பிள்ளையைக் குறை சொல்ல ஏலாது, சட்டம் அப்பிடி. எண்டாலும் உழைச்சுச் சாப்பிடுற பிள்ளையெண்டு நினைச்சிருந்தன்.”

கமலநாயகியின் பேனா நின்றது. நிறைந்த கண்களோடு கணவரை நிமிர்ந்து பார்த்தார்.

“நான் சொல்லக்கூடாது. ஆனால் நீங்கள் அவளைப் பிழையா நினைக்கவும் நான் விடமாட்டன்” என்றார். “அந்த வாடகைக் காசை, போன வருசம் முழுநேரத்துக்கு மாறின அண்டைக்கே, ‘இராசலிங்கம் அண்ணையின்ர கடைச் சம்பளம் எனக்குக் காணும், இனி இதை வேற ஆருக்கும் குடுங்கோ’ எண்டு என்னைக் கொண்டே கடிதம் எழுதுவிச்சு அவள் நிப்பாட்டிப் போட்டாள்.”