திருத்தப்பட்ட பாடம்

“ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்தா, அங்க பாடம் புரியலைன்னுதான் அர்த்தம் மேடம். அதான் சரி பண்ணிட்டோம்.”

“எனக்குப் புரியாம இல்லங்க. அது எங்க அம்மா.”

இணையக் கல்லூரியின் தரப்பிரிவிலிருந்து போனில் பேசிய ஸ்டெல்லா, பாடம் எடுத்தவரின் பெயரைத் தேடிப் பார்த்தாள்.

மகிழினியின் அம்மா வசுமதி அந்தக் கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. வீட்டிலிருந்தே பாடங்களைப் பதிவு செய்வாள். உப்புகளைப் பற்றிய பாடத்தின் நடுவே கேமராவை விட்டுத் திரும்பி, “மகி, தலை ஈரமா இருக்குடி, துவட்டிக்க” என்பாள். அம்மா இறந்த பிறகு அந்த ஒரு வரிக்காகவே மகிழினி அந்தக் கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்து, தினமும் அந்த இடத்தைப் போட்டுப் பார்த்தாள்.

“பழசு இருக்கா?”

“திருத்தினப்புறம் பழசை வெச்சுக்க மாட்டோம் மேடம். புதுசைப் பாருங்க, அவங்க முகத்தையும் குரலையும் வெச்சே ஏ.ஐ. செஞ்சது, நல்லா வந்திருக்கு.”

போனை வைத்துவிட்டு மகிழினி பாடத்தைத் திறந்தாள். அந்த இடம் வந்தது. அம்மா திரும்பவில்லை. நேராக அவளையே பார்த்து, அதே குரலில் பொறுமையாகச் சொன்னாள்:

“இந்த இடத்துலயே நீங்க ரொம்ப நாளா நிக்கிறீங்க. புரிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மேல போகலாம்.”