ங்க

கணவரின் குறுஞ்செய்திகளை வேறொருவர் குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சாப்டீங்களா."

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் ஒருமுறை வாசித்தார். பிறகு ஜெர்மனில் சொன்னார். மேசைக்கு அப்பாலிருந்த பெண் அதிகாரி எழுதிக்கொண்டார்.

"பத்திரமா வாங்க."

எழுதிக்கொண்டார்.

"உங்க ஞாபகமாவே இருக்குங்க."

அதிகாரியின் உதட்டோரம் இலேசாகக் கோணியது. எழுதிக்கொண்டார்.

அவளுக்கு ஜெர்மன் அதிகம் தெரியாது. ஆயினும் அந்த மொழியிலும் நீ உண்டு, நீங்கள் உண்டு என்பது தெரியும். டு என்றால் நீ. ஸீ என்றால் நீங்கள். கடைக்காரருக்கு ஸீ. அதிகாரிக்கு ஸீ. வீட்டில் டு. கணவர் ஹென்ரிக் அவளுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அது.

மொழிபெயர்ப்பாளர் எல்லாச் செய்திக்கும் ஸீ போட்டுக்கொண்டிருந்தார்.

கடைக்காரரிடம் பேசுவதைப் போல ஒரு கணவர் தம் மனைவிக்கு எழுதியிருக்கிறார்.

திருமணம் பதிவாகி ஏழு மாதம். அது மெய்யான திருமணம்தானா என்பதே இன்றைய விசாரணை. இல்லை என்று அந்தப் பேனா எழுதிவிட்டால் விசா கிடையாது. முப்பது நாளில் அவள் இந்த நாட்டை விட்டுப் புறப்பட வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் செய்திகள் இருந்த கோப்பை மூடினார். அவள் பக்கம் சாய்ந்தார்.

"என்னம்மா நீ, விசாவுக்காக எழுதறதுன்னாலும் கொஞ்சம் நம்பற மாதிரி எழுதச் சொல்லியிருக்கக் கூடாதா? நானும் முப்பது வருஷமா குடித்தனம் பண்றவன்தான். எந்தப் புருஷன் பொண்டாட்டிய வாங்க போங்கன்னு கூப்பிடுறான்?"

அவர் சென்னைக்காரர். வந்ததுமே சொல்லிக்கொண்டார். நீ எந்த ஊர் என்று அப்போதே கேட்டார். ஈரோடு பக்கம் கோபிங்க என்று சொல்லியிருந்தாள்.

"எங்க பக்கம் அப்படித்தானுங்க பேசுவோம். பெத்த புள்ளையவே வாங்க போங்கன்னுதானுங்க கூப்புடுவோம். எங்கப்பா நாய்க்குட்டியவே 'தள்ளிப் படுங்க சாமி'ம்பாருங்க. எங்க வீட்டுக்காரருக்குத் தமிழ் சொல்லிக்குடுத்ததே நானுங்க. இதை அவங்ககிட்டச் சொல்லுங்க."

"அதெல்லாம் சினிமாவுலம்மா. காமெடிக்கு."

ஜெர்மனில் நான்கு சொற்கள் சொன்னார். அதில் நாய் இருந்தது. அது ஒன்றுதான் அவளுக்குப் புரிந்தது.

அந்த நான்கு சொற்களில் அப்பா இல்லை. கோபி இல்லை.

அதிகாரி நாயை எழுதிக்கொண்டார்.

ஹென்ரிக் கதவுக்கு வெளியே அமர்ந்திருந்தார். அவரது விசாரணை முடிந்துவிட்டது. இருவரும் சேர்ந்து உள்ளே இருக்க அனுமதி இல்லை. பயப்படாதீங்க என்று சொல்லித்தான் அனுப்பினார்.

அதையும் இந்த மொழிபெயர்ப்பாளர் காதில் வாங்கியிருப்பார்.

மொழிபெயர்ப்பாளர் ஒரு தாளை அவள் முன் தள்ளினார்.

"இந்தா, கையெழுத்துப் போடு. நீ சொன்னதெல்லாம் இதுல இருக்கு."

அவள் பேனாவை எடுக்கவில்லை.

அதிகாரியின் பக்கம் திரும்பினாள். ஏழு மாத ஜெர்மனில் ஒரு வாக்கியம் கட்டிப் பார்த்தாள். கூடிவரவில்லை. இருந்த சொற்களை எடுத்துக்கொண்டாள்.

வயதில் மூத்தவரான மொழிபெயர்ப்பாளரை நோக்கி விரல் நீட்டினாள். வாழ்நாளில் முதல் முறை.

"இவர். எனக்கு. டு."

விரலைக் கதவின் பக்கம் திருப்பினாள்.

"என் கணவர். எனக்கு. ஸீ."

பேனா நின்றது.

அதிகாரி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். ஏதோ கேட்டார். சிறிய கேள்விதான். அதில் அந்த இரண்டு சொற்களும் இருந்தன.

அவர் பதில் சொல்லத் தொடங்கினார். நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

அதிகாரி கோப்பைத் தம் பக்கம் இழுத்தார். மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்பினார்.

கையெழுத்தில்லாத தாள் மேசையில் கிடந்தது.

மொழிபெயர்ப்பாளர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"கொஞ்சம் வெளிய உக்காருங்க."