பாதியில் எழுந்து போகாதவர்கள்

டியூப்லைட்டுக்குப் பக்கத்து மூலையில் சொந்தமாகக் கதை பின்னிவந்த சிலந்திக்குப் புத்தாண்டன்று நெஞ்சு நிறைந்துவிட்டது. எந்தப் பதிப்பகத்தின் தயவும் இல்லாமல் ஒரு வருடத்தை ஓட்டியாயிற்று. வலையின் நடுவில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டது.

"என் அன்பு வாசகர்களே, நீங்கள் இல்லையென்றால் நான் இல்லை. உங்களில் ஒருவர்கூடப் பாதியில் எழுந்து போகவில்லை. இந்த அன்புக்கு என்ன கைம்மாறு செய்வேன்."

வலையெங்கும் காய்ந்து தொங்கிய கொசுக்களும் ஈக்களும் பேசாமல் இருந்தன.

"ஒருத்தரும் கைதட்டலையே அண்ணே" என்றது சுவரிலிருந்த பல்லி.

"கதையில மூழ்கிட்டாங்க தம்பி."

அப்போது வெளிச்சத்தைத் தேடி வந்த விட்டில் ஒன்று வலையில் சிக்கி, இறக்கைகளைப் படபடவென்று அடித்துக்கொண்டது.

சிலந்திக்குக் கண் கலங்கியது.

"பாத்தியா, புது வாசகர். வந்ததும் வராததுமா கைதட்டுறார்" என்று சொல்லிவிட்டு, நேரிலேயே நன்றி சொல்லக் கிளம்பியது.