தொட்டா சொல்லுங்க

பெயர் ஒட்டாத அந்த வெள்ளைக் களிம்பு வேலை செய்துவிட்டது என்று மாசிலாமணி தன்னை ஏற்றிவந்த ஆட்டோக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டார். சர்க்கரை நோய் கொண்டுவந்த பாத எரிச்சலில், போர்வை நுனி பட்டாலே அலறியவர் இப்போது அயர்ந்து தூங்குகிறார். சோதனைக்காகத் தருகிற களிம்பு. சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் பசை, யாருக்கு எதுவென்று டாக்டருக்கே தெரியாதாம். "எனக்குக் குடுத்தது மருந்துதாங்க. என் காலே சொல்லுதே!" என்று சிரித்தார். டாக்டர் ஒரு நைலான் இழையை எடுத்தார். "கண்ணை மூடிக்குங்க ஐயா. இது கால்ல படுறப்பல்லாம் 'ம்'னு சொல்லுங்க." அவர் சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டார். கட்டைவிரலில் இழை வளைந்தது. பிறகு சுண்டுவிரலில், நடுப்பாதத்தில், குதிகாலில். டாக்டர் அடுத்த காலுக்குப் போனார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. தினமும் களிம்பு தேய்த்துவிட்ட மனைவி செண்பகம் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "மெல்லத் தேயேன்டி, உயிர் போகுது" என்று எரிந்து விழுவாரே, அதை எப்போது நிறுத்தினார்? நிம்மதியில் அவள் கவனிக்கவே இல்லை. டாக்டர் தடுப்பதற்குள் குனிந்து, அந்தப் பழைய அலறல் ஒருமுறை கேட்டுவிடாதா என்று அவர் பாதத்தில் நகத்தை அழுத்தினாள். தோலில் தடம் சிவப்பாக விழுந்தது. இன்னும் அழுத்தினாள். மாசிலாமணி, பரீட்சையில் தேறிவிடுகிற பிள்ளையின் சிரிப்போடு, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"கண்ணை மூடிட்டேன் டாக்டர். ஆரம்பிங்க."