இறுதிச் சுற்றுக்குப் போனால்

"எழுதி வேணா தரேன் சம்பந்தி. இந்த வருஷம் உங்க ஆளுங்க பாட்டு தேறவே தேறாது."

பியர் பாட்டிலைத் திறந்துகொண்டே லீவன் சொன்னார். சோபாவின் அடுத்த மூலையில் உட்கார்ந்து இறால் அடைத்துப் பொரித்த கொரோக்கெட்டை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஃபெர்னான் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் தேறாது?"

"ஒற்றைப்படை வருஷமாச்சே. ஒற்றைப்படைன்னா வல்லோனியாக்காரங்க உங்க முறை. இரட்டைப்படைன்னா ஃப்ளெமிஷ்காரங்க நாங்க. நீங்க அனுப்பின ஆள் என்னிக்கு உருப்பட்டிருக்கான்?"

நாடு என்னவோ ஒன்றுதான், பெல்ஜியம். டச்சு பேசுகிற ஃப்ளெமிஷ்காரர்களுக்கு ஒரு தொலைக்காட்சி, பிரெஞ்சு பேசுகிற வல்லோனியாக்காரர்களுக்கு ஒரு தொலைக்காட்சி. ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கு இரண்டு பேரும் சேர்ந்து ஆள் பிடித்தால் வெட்டுக்குத்தில் முடியும் என்று, ஒரு வருடம் அவர்கள், மறுவருடம் இவர்கள் என முறை வைத்துக்கொண்டிருந்தார்கள். இதில் கூத்து என்னவென்றால், யார் போனாலும் பெரும்பாலும் பாடுவது ஆங்கிலத்தில்தான்.

"ஒற்றைப்படை வருஷத்துல நான் டிவி பக்கமே வரமாட்டேன். இன்னிக்கு அரையிறுதிக்கு உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்கேன்" என்றார் லீவன். "போன வருஷம் எங்க ஃப்ளெமிஷ் பொண்ணு ஒருத்தி பாடினா பாருங்க, அது பாட்டு. நான் அழுதுட்டேன்."

"நீங்க அழுததை கத்ரைன் சொன்னா" என்றார் ஃபெர்னான் சிரிக்காமல்.

கத்ரைன், லீவனின் ஒரே மகள். ஃபெர்னானின் மகன் பெனுவாவைக் கட்டிக்கொண்டு இப்போது நிறைமாத கர்ப்பிணி. வயிற்றில் இருப்பது பையன் என்று தெரிந்த நாளிலிருந்து சம்பந்திகள் இருவருக்கும் பெயர்த் தகராறு. ஃபெர்னானுக்குத் தன் அப்பா அர்மான் பெயரை வைக்க வேண்டும். லீவனுக்குத் தன் அப்பா யோரிஸ் பெயர். "நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க, எங்களை விடுங்க" என்று பிள்ளைகள் கையை விரித்துவிட்டார்கள்.

லீவனுக்கு ஆண் வாரிசு கிடையாது. அப்பாவின் பெயர் தன்னோடு போய்விடுமோ என்று அவருக்குக் கவலை. ஒருவர் மொழியை ஒருவர் கொலை செய்துகொண்டு இரண்டு மாதமாக இருவரும் பேசிப் பார்த்துவிட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

திடீரென்று லீவனுக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது.

"சம்பந்தி, ஒரு பந்தயம். பேரு விஷயத்தை இன்னிக்கே முடிச்சுடுவோம். பாட்டு இறுதிச் சுற்றுக்குப் போகலைன்னா யோரிஸ்."

ஃபெர்னான் கொரோக்கெட்டைத் தட்டில் வைத்தார்.

"இன்னிக்கு பெல்ஜியம் பாடற பாட்டு இறுதிச் சுற்றுக்குப் போச்சுன்னா அர்மான். அப்படித்தானே?"

"அப்படியேதான். அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"கை கொடுங்க."

லீவன் உற்சாகமாக ரிமோட்டை எடுத்து ஃப்ளெமிஷ் சேனலைத் தேடினார்.

"அதைப் போட்டா நான் எழுந்து போயிடுவேன்" என்றார் ஃபெர்னான். "நீங்க பிரெஞ்சு சேனல் பார்ப்பீங்களா?"

"செத்தாலும் மாட்டேன்."

"அப்ப ஜெர்மன் சேனல் போடுங்க. ரெண்டு பேருக்கும் ஒரு எழவும் புரியாது. அதுதான் நியாயம்."

நியாயமாகத்தான் பட்டது. போட்டார்.

பெல்ஜியத்தின் முறை வந்தது. வெள்ளிக் கோட்டு போட்ட ஓர் இளைஞன் மேடை நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான்.

"கோட்டைப் பாருங்க, சாக்லேட் சுத்தின காகிதம்" என்றார் லீவன். "இது ஒரு குரலா? தொண்டையில மீன்முள் மாட்டிக்கிட்டவன் கூட இதைவிட நல்லா கத்துவான். உங்க பக்கம் வேற ஆளே கிடைக்கலையா?"

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் ஃபெர்னான். தாளம் வேறு போட்டார்.

"உங்க ரத்தம். பிடிக்காம என்ன செய்யும்?"

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. லீவன் கிச்சனுக்குப் போய் இன்னொரு பியர் எடுத்து வந்தார்.

முடிவு சொல்ல ஆரம்பித்தார்கள். இந்த அரையிறுதியிலிருந்து பத்து நாடுகளுக்குத்தான் இடம். ஒவ்வொரு பெயராக வாசிக்க, ஒவ்வொன்றுக்கும் லீவன் தொடையைத் தட்டினார். எந்த நாடு போனால் என்ன, பெல்ஜியம் போகாமல் இருந்தால் சரி. ஒன்பது பெயர் ஆயிற்று. லீவன் எழுந்து நின்றுவிட்டார். மனதுக்குள் யோரிஸைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டவே ஆரம்பித்துவிட்டார்.

பத்தாவது பெயர், பெல்ஜியம்.

ஃபெர்னான் எழுந்து குதித்தார். லீவன் அப்படியே சோபாவில் உட்கார்ந்தார்.

"சரி" என்றார் கடைசியில். "வாக்குன்னா வாக்குதான். அர்மான்னே வைங்க. எங்கப்பாவுக்குக் கொடுத்து வைக்கலை, அவ்வளவுதான்."

"மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க சம்பந்தி."

"ஒண்ணு சொல்லணும். நான் வயித்தெரிச்சல்ல திட்டினேன். உங்க பையன் நிஜமாவே நல்லாத்தான் பாடினான். இந்த மாதிரி ஒருத்தன் எங்க பக்கத்துல இல்லையேன்னு இருக்கு."

ஃபெர்னான் கோட்டை மாட்டிக்கொண்டார். வாசல்வரை வந்த லீவனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கொரோனாவுல போட்டி நின்னு போச்சே, அந்த 2020க்கு எடுத்த ஆளுங்களையே நீங்க 2021லயும் அனுப்பினீங்க, அதோட முறை மாறி ஒற்றைப்படை வருஷமெல்லாம் உங்களுக்கு வந்துடுச்சு. பாடினவன் உங்க ஃப்ளெமிஷ் பையன்தான் சம்பந்தி, வாழ்த்துகள்!"