புறங்கை நரம்பு

சுகாதார நிலையத்தின் ஜன்னல் திரையை உப்புக்காற்று அடிக்கிறது. கடப்பாக்கத்திலிருந்து வந்திருக்கும் ரோகிணிக்கு ஏழாம் மாதம். ரத்தப் பரிசோதனைச் சீட்டு இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் பதிய மாட்டார்கள். நர்ஸ் இரண்டு முறை குத்தியும் ரத்தம் வரவில்லை. "அங்க கிடைக்காதுக்கா. புறங்கையில பாருங்க," என்கிறாள் ரோகிணி. நர்ஸின் விரல் முழங்கை மடிப்பில் கறுத்த தழும்புகளின் மேல் நிற்கிறது. "போதை ஊசி கேஸா நீ? வயித்துல புள்ளய வச்சிகினு?" "விடத்தான் பாக்குறேன்க்கா." பெஞ்சில் இருக்கும் பெண்கள் தள்ளி உட்காருகிறார்கள். நர்ஸ் கையுறையைக் கழற்றுகிறாள். "அடுத்தது யாரும்மா?" ரோகிணி எழவில்லை. மேசையில் கிடக்கும் ரப்பர் பட்டையை எடுத்து, ஒரு முனையைப் பல்லால் கடித்து, மணிக்கட்டுக்கு மேல் தானே இறுக்கிக் கட்டுகிறாள். புறங்கையில் ஒரு நரம்பு மெல்லப் புடைக்கிறது. கையை நர்ஸின் முன்னால் நீட்டுகிறாள். "இப்ப எடுங்க."