பன்னிரண்டு மணிக்குள் பதிவு

“கையெழுத்துப் போடுங்க சார். போட்ட மறு நிமிஷம் நான் என்டர் தட்டுறேன்.”

கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் கனகேஸ்வரி இதைச் சொன்னபோது காலை மணி பதினொன்று நாற்பது. பாயான் பாரு நகரை ஒட்டியிருந்த அந்த மின்னணுத் தொழிற்சாலைக்கு அன்று ஞாயிறு விடுமுறை. கணினி அறையில் மட்டும் விளக்கு எரிந்தது. குளிர்சாதனம் போட்ட போட்டில் கை விறைத்தது. ஆனாலும் மேலாளர் சந்திரசேகரனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவன் வில்லியம். கணினி விற்ற கம்பெனி கோலாலம்பூரிலிருந்து அனுப்பிய ஆள். பழைய டிஸ்க்கில் இருப்பதைப் புது டிஸ்க்குக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு மாலை பஸ்ஸில் ஊர் திரும்பிவிடலாம் என்று நினைத்து வந்தவன், பாவம்.

அவன் வாயால்தான் வினையே தொடங்கியது. காலையில் வந்ததும் சொன்னான்: “சார், சிங்கப்பூர் ஹெட் ஆபிஸ் உத்தரவு. மெஷினுக்குள்ள ஒரு புராடக்ட் டேட்டாபேஸ் இருக்கு. என்னென்ன சாஃப்ட்வேர் போட்டிருக்கீங்கன்னு ஒரு பட்டியல். பன்னிரண்டு மணிக்கு மாத்துற வேலை தானா ஆரம்பிச்சிரும், நிறுத்த என்னாலயும் முடியாது. பட்டியல்ல பேரு இல்லாதத அது புது இடத்துக்கு எடுத்துக்கிட்டுப் போகாது. அப்புறம் பழைய டிஸ்க்கையும் அழிச்சிரும்.”

சந்திரசேகரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருடங்களுக்கு முன்பு அவர் கைப்பட எழுதிய புரோகிராம் அந்தப் பட்டியலில் இல்லை. பழுதான சர்க்யூட் பலகைகளைத் தனியே பிரித்துக் காட்டும் புரோகிராம் அது. அதை வைத்துத்தான் சிங்கப்பூரில் பெரிய பதவியே கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை பயணம். இன்றைக்கு அது அழிந்தால் நாளைக் காலையில் தொழிற்சாலை நிற்கும். பதவியும் போகும்.

நகல் எடுத்து வைத்த டேப்பில் பூஞ்சை பிடித்திருந்தது. சிங்கப்பூரில் போனை எடுக்க ஆளில்லை. பட்டியலில் பெயர் சேர்க்கும் அதிகாரமோ கனகேஸ்வரியின் பாஸ்வேர்டுக்கு மட்டும்தான்.

அவளும் மளமளவென்று எல்லாம் தட்டினாள். புரோகிராமின் பெயர், எழுதியவர் பெயர், எல்லாம் ஏறிவிட்டன. ‘பதிவு செய்யலாமா?’ என்று கணினி கேட்டது. ஆம் என்று அடித்தாள். என்டர் ஒன்றுதான் பாக்கி. அப்போதுதான் கைப்பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து, அதிலிருந்த பாரத்தை மடித்தபடியே மேசையில் வைத்தாள்.

“போராங்ல ரெண்டு எடத்துல கையெழுத்து. அவ்வளவுதான் சார்.”

“இப்பவேவா? சிங்கப்பூர் போயிட்டு வந்து பாத்துக்கலாம்னு சொன்னேன்ல? நான் எங்க ஓடிப் போகப் போறேன்?”

“இதத்தான் எப்பவும் சொல்றீங்க. இந்தப் புரோகிராமக்கூட அப்பவே பதிவு பண்ணலாம்னு சொன்னேன். ஓடுதுல்ல, பதிவு எதுக்குன்னீங்க.”

“ஆறு வருஷமா ஒழுங்கா ஓடுச்சுதானே கனகா...” என்றவர் வில்லியத்தைப் பார்த்துவிட்டு, “கனகேஸ்வரி!” என்று குரலை உயர்த்தினார்.

“ஒழுங்காத்தான் ஓடுச்சு. இன்னைக்கு என்ன ஆச்சு பாத்தீங்களா?”

மணி பதினொன்று ஐம்பது.

வில்லியத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தாள் பதவி உயர்வுக்கான சிபாரிசாக இருக்கும், இல்லாவிட்டால் சம்பள உயர்வாக இருக்கும். அதற்காக ஒரு மனிதரின் ஆறு வருட உழைப்பை இப்படியா பிடித்து வைத்துக்கொள்வது? எத்தனையோ ஆபிஸ்களில் எத்தனையோ சண்டைகளைப் பார்த்தவன்தான். இப்படி ஓர் அடாவடியை அவன் பார்த்ததில்லை.

“அக்கா, இது நல்லா இல்ல லா. ஒருத்தர் இக்கட்டுல நிக்கிறப்ப மிரட்டி வாங்குறதா? நான் ரிப்போர்ட்ல எழுதத்தான் செய்வேன்.”

“எழுதுங்க தம்பி. ஒண்ணு விடாம எழுதுங்க.”

அவள் கண்கள் கலங்கியிருந்தன. விரல் மட்டும் என்டருக்கு மேலேயே நின்றது.

பதினொன்று ஐம்பத்தாறு. சந்திரசேகரன் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். ஒருமுறை அவளைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, தாளே கிழிந்துவிடும் போல அழுத்தி இரண்டு கையெழுத்துப் போட்டார்.

அவள் அதை எடுத்து இரண்டு இடத்தையும் சரிபார்த்தாள். பிறகு என்டரைத் தட்டினாள். பட்டியலின் கடைசியில் அந்தப் புரோகிராமின் பெயர் ஏறியது. சந்திரசேகரன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சரியாகப் பன்னிரண்டுக்குப் புது டிஸ்க்கின் விளக்கு மினுக்கத் தொடங்கியது.

வில்லியம் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தான். கோபம் இன்னும் ஆறவில்லை. “என்ன பேப்பருன்னு நான் எழுதணும். காட்டுங்க.”

அவள் மறுபேச்சில்லாமல் நீட்டினாள். மலாய் மொழியில் அச்சடித்த அரசாங்கப் பாரம். மேலே திருமணப் பதிவு விண்ணப்பம் என்றிருந்தது. கணவர் பெயர் சந்திரசேகரன். மனைவி பெயர் கனகேஸ்வரி.

வில்லியத்தின் பேனா அப்படியே நின்றுவிட்டது.

“தண்ணீர்மலைக் கோயில்ல தாலி கட்டி ஆறு வருஷமாச்சு தம்பி. புருஷன் பொண்டாட்டி ஒரே டிப்பார்ட்மெண்ட்ல இருக்கக் கூடாதுன்னு கம்பெனி ரூல். அதச் சொல்லிச் சொல்லியே பதிவத் தள்ளிப் போட்டுட்டாரு,” என்றபடி கனகேஸ்வரி தாளை மடித்து உறைக்குள் வைத்தாள். “சனிக்கிழமை இவரு சிங்கப்பூர் போறாரு. பட்டியல்ல பேரு இல்லாதத யாரும் புது இடத்துக்கு எடுத்துக்கிட்டுப் போக மாட்டாங்கன்னு, காலையில நீங்கதானே சொன்னீங்க?”